பணியாளர் மருத்துவக் கோப்பும் நலப்பயன் ஆவணங்களும்

ஒரு நிறுவனம் தன்னிடம் வேலை பார்ப்பவரின் உடல்நிலை பற்றித் திரட்டி வைத்திருக்கும் தாள்களின் தொகுப்பே பணியாளர் மருத்துவக் கோப்பு. வேலையில் சேர்ந்தபோது எடுத்த எக்ஸ்-ரே, ஆண்டுப் பரிசோதனையின் ரத்த அறிக்கை, செவித்திறன் சோதனை, விபத்துக் குறிப்பு, மெடிக்கல் லீவுக்காகக் கொடுத்த டாக்டர் சர்டிபிகேட் எல்லாம் இதில் சேரும். வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ., குழு மருத்துவக் காப்பீடு, மகப்பேற்று விடுப்பு, பணிக்கொடை, வாரிசு நியமனம் ஆகியவை தொடர்பான படிவங்கள் நலப்பயன் ஆவணங்கள் எனப்படும். இவ்விரண்டையும் பர்சனல் ஃபைலிலிருந்து பிரித்து வைப்பதும், யார் எதைப் பார்க்கலாம் என்று வரம்பு கட்டுவதும், எத்தனை ஆண்டு காக்க வேண்டும் என்று தீர்மானிப்பதும் சேர்ந்ததே இவற்றின் பராமரிப்பு.

இது வெறும் குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இரகசியம் என்ற சொல் இந்தத் தாள்களின்மேல் நெடுங்காலமாகவே ஒட்டியிருந்தாலும், அது வேலை செய்த திசை தலைகீழானது. மேலாளரும் கண்காணிப்பாளரும் விரும்பியபோது கோப்பைப் புரட்டினார்கள். அதில் எழுதப்பட்டிருந்த உடலுக்குச் சொந்தக்காரர் மட்டும் அதைப் பார்க்க முடியவில்லை. கடந்த ஒன்றரை நூற்றாண்டின் சட்டங்களும் தீர்ப்புகளும் இந்தத் திசையை மெல்ல மெல்லத் திருப்பியவையே.

பல்லைப் பார்த்து வயது

இத்தகைய காகிதங்களின் மூத்த தலைமுறையை இங்கிலாந்தின் நெசவாலைகளில் காணலாம். அந்நாட்டின் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 9 வயது நிரம்பாத பிள்ளைகளைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. 9 முதல் 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. நாடு முழுவதற்கும் நான்கே ஆய்வாளர்கள். பிள்ளையின் வயதை எப்படி அறிவது என்பதுதான் சிக்கல். இங்கிலாந்தில் பிறப்புப் பதிவு முறை 1837 ஜூலையில்தான் தொடங்கியது. ஆகவே ஒரு மருத்துவர் பிள்ளையை நேரில் பார்த்து, அந்த வயதுக்குரிய வலிமையும் தோற்றமும் இருக்கின்றன என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்று சட்டம் ஏற்பாடு செய்தது.

ஏமாற்று வேலைக்கு இது வாய்ப்பாகப் போனது. கூலி தேவைப்பட்ட பெற்றோரும் பிஞ்சுக் கைகள் தேவைப்பட்ட முதலாளியும் ஒரே பக்கம் நின்றார்கள். உயரத்தை அளந்து வயதை முடிவு செய்யலாம் என்று ஒரு தரப்பு சொன்னது. எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், உயரத்தைவிடப் பல் முளைப்பே நம்பகமான அளவு என்று 1837இல் ஒரு சிறு நூலை எழுதி, அதை நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் உறுப்பினர்களுக்கும் முகவரியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்து அவர் இந்த முடிவுக்கு வந்திருந்தார். பிற்காலத்தில் ‘சர்’ பட்டம் பெற்ற முதல் பல் மருத்துவர் என்ற பெருமையும் இவரைச் சேர்ந்தது. தொழிலாளியின் உடல் அளக்கப்பட்டு, எழுதப்பட்டு, ஆலை அலுவலகத்தில் சேமிக்கப்படும் வழக்கம் இப்படிப் பற்களிலிருந்து தொடங்கியது.

கண்டவரெல்லாம் சான்று தரும் நிலைமையை 1844ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியது. சான்றளிக்கும் மருத்துவர்களை இனி ஆய்வாளரே நியமிப்பார். விபத்து நடந்தால் விசாரித்துக் குறிப்பெழுதுவதும் அவர்கள் கடமையானது. ஈயம், பாஸ்பரஸ், ஆர்சனிக் நச்சுகளும் ஆந்த்ராக்ஸ் நோயும் தாக்கிய தொழிலாளரைப் பற்றி அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1895இல் விதி வந்தது. தாமஸ் லெக் என்பவர் 1898இல் தொழிற்சாலைகளின் முதல் மருத்துவ ஆய்வாளராக அமர்ந்தார். வயதுச் சீட்டாகப் பிறந்தது நோய்ப் பதிவேடாக வளர்ந்தது இந்தக் கட்டத்தில்தான்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இந்தப் பதிவேடுகூட இல்லை. இல்லினாய் மாநிலத்துக்காக 1910இல் ஈய நச்சைப் பற்றி ஆராய வந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், ஆலைகளில் உருப்படியான ஆவணம் எதுவும் கிடைக்காமல் மருத்துவமனைப் பதிவுகளைப் புரட்டினார். மருந்துக் கடைக்காரர்களிடமும் பாதிரியார்களிடமும் விசாரித்தே நோயாளிகளைக் கண்டுபிடித்தார். நோயைப் பற்றி எழுதி வைக்காத முதலாளிகள் வேறு பலவற்றை எழுதி வைத்தார்கள். ஃபோர்டு மோட்டார் கம்பெனி 1914இல் நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்தபோது, அதில் ஒரு பகுதி லாபப் பங்கு. அதைப் பெறும் தகுதி யாருக்கு உண்டு என்று பார்க்கச் ‘சமூகவியல் துறை’ என்ற ஒன்றை அமைத்தது. அதன் ஆட்கள் வீடு வீடாகப் போய்க் குடிப்பழக்கம், சேமிப்பு, வீட்டுச் சுத்தம், திருமணம் எல்லாவற்றையும் குறித்தார்கள். நலப்பயன் வேண்டுமா, வீட்டுக் கதவைத் திற என்ற பேரம் அன்றே தொடங்கிவிட்டது.

இந்தியாவில்

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. 7 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கத் தடை விதித்தது. இங்கிலாந்தின் சான்றளிக்கும் மருத்துவர் அப்படியே இங்கும் இறக்குமதியானார். வயதோடு உடல்தகுதியையும் சேர்த்துச் சான்று பெற வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் சேர்த்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. விபத்துக்கும் குறிப்பிட்ட சில தொழில்நோய்களுக்கும் பணம் உண்டு என்றானவுடன், காகிதத்துக்கு விலை ஏறியது. எந்தத் தேதியில், எந்த இயந்திரத்தில், எந்தக் கை என்று எழுதி வைத்தால்தான் இழப்பீடு.

தனியார் நிறுவனங்களில் ஜாம்ஷெட்பூரின் டாடா இரும்பாலை முந்திக்கொண்டது. 1915இல் இலவச மருத்துவ உதவியும் 1920இல் வருங்கால வைப்பு நிதியும் அங்கு வந்துவிட்டன. சட்டம் கட்டாயப்படுத்துவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கம்பெனி தன் தொழிலாளிக்கு இவ்விரண்டையும் ஏற்படுத்திவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

பேராசிரியர் பி. பி. அதார்கர் 1943இல் நியமிக்கப்பட்டு, 1944 ஆகஸ்டில் தந்த அறிக்கையே இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் அடிப்படை. சட்டம் 1948இல் நிறைவேறியது. திட்டத்தை 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் ஜவாஹர்லால் நேரு தொடங்கி வைத்தார். அவரே முதல் கௌரவக் காப்பீட்டாளராகப் பதிந்துகொண்டார். அவர் நிரப்பிக் கொடுத்த உறுதிமொழிப் படிவத்தைத் திட்டத்தை நடத்தும் இ.எஸ்.ஐ. கழகம் இன்றும் பெருமையோடு காத்து வருகிறது. நாட்டின் பிரதமர் நிரப்பிய படிவம் என்பதால் அது காட்சிப் பொருள். மற்ற தொழிலாளர் நிரப்பிய கோடிக்கணக்கான படிவங்கள் டைம் ஆபீஸ் பீரோவுக்குப் போயின. தமிழ்நாட்டில் இத்திட்டம் 1955இல் முதலில் கோயம்புத்தூருக்கு வந்தது. பஞ்சாலை நகரம் என்பதால் அது இயல்பான தேர்வு.

இ.எஸ்.ஐ. ஏற்பாட்டில் ஒரு நுட்பம் பலர் கண்ணில் படாமல் போகிறது. நோய் என்ன என்பது மருந்தகத்துக்கும் கழகத்தின் கிளை அலுவலகத்துக்கும் தொழிலாளிக்கும் இடையே முடிந்துவிடுகிறது. அலுவலகத்துக்கு ஐயம் வந்தால் முதலாளியிடம் கேட்பது ஒன்றே: இந்த நாள் முதல் இந்த நாள் வரை இவர் வேலைக்கு வந்தாரா, வரவில்லையா? காசநோயா, கர்ப்பமா, மனச்சோர்வா என்பது மில்லுக்குத் தெரிய வேண்டியதில்லை. நோய்ப் பயனைப் பெற்றுக்கொண்டிருக்கும் காலத்தில் ஒருவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று அச்சட்டத்தின் 73ஆம் பிரிவு தடுத்ததும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. இந்தியாவில் மருத்துவ இரகசியத்தைக் காத்த மிகப் பெரிய ஏற்பாடு எதுவென்றால், யாரும் அப்படிப் பெயர் சூட்டாத இந்தப் படிவப் பிரிவினைதான். மெடிக்கல் லீவுக்கு நோயின் பெயர் எழுதிய சான்றை மேலதிகாரியின் மேசையிலேயே கொடுத்துவிடும் அரசு ஊழியருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

இதற்கு நேர்மாறான பழக்கம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்தது. 18 வயது நிரம்பாத இளந்தொழிலாளி உடல்தகுதிச் சான்று பெற வேண்டும். சான்று 12 மாதம் செல்லும். வேலை நேரத்தில் அந்தச் சான்றைக் குறிப்பிடும் ஒரு டோக்கனை அவர் உடன் வைத்திருக்க வேண்டும். தாள் மேலாளரிடம், டோக்கன் பையனிடம். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடுதான் என்றாலும், தகுதிக்கு அத்தாட்சியைச் சட்டைப்பையில் சுமந்து திரிய வேண்டியிருந்தது.

போபாலில் 1984 டிசம்பரில் நச்சு வாயு கசிந்த பின்னர், 1987இல் அதே சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான பொருள்களோடு பழகும் தொழிலாளரின் மருத்துவப் பதிவுகளைத் துல்லியமாகவும் அவ்வப்போது புதுப்பித்தும் வைத்திருக்க வேண்டும், அவை தொழிலாளருக்குக் கிடைக்க வேண்டும் என்று புதிதாக வந்த 41-சி பிரிவு கூறியது. அந்த வேலையில் சேர்வதற்கு முன்பும், வேலையில் இருக்கும்போதும், விட்ட பிறகும், 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியில் பரிசோதனை உண்டு. தொழிலாளி தன் பதிவைத் தானே பார்க்கும் உரிமை இந்தியச் சட்டப் புத்தகத்தில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட, ஒரு நகரமே மூச்சுத் திணற வேண்டியிருந்தது.

மறைக்கப்பட்ட எக்ஸ்-ரே

கோப்பைத் தொழிலாளியிடமிருந்து மறைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆஸ்பெஸ்டாஸ் தொழிலைவிடக் கொடிய சான்று கிடையாது. ஜான்ஸ்-மேன்வில் நிறுவனத்தின் கனடா நாட்டு மருத்துவர் கென்னத் ஸ்மித் 1949இல் ஓர் அறிக்கை தயாரித்தார். நூற்றுக்கணக்கான தொழிலாளரின் நெஞ்சுப் படங்களைப் பார்த்திருந்தார். நுரையீரல் முழுதும் நலமாக இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று அவர் எழுதினார். உடல் ஓய்ந்து போகாத வரை அவர்கள் நிம்மதியாக உழைக்கட்டும், கம்பெனிக்கும் அனுபவசாலிகள் கிடைப்பார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். பின்னாளில் வழக்குகள் வந்தபோது இந்தக் குறிப்பு வெளியே வந்தது. அந்த நிறுவனம் 1982இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

இங்கே நடந்ததையும் இரகசியம் என்றுதான் அழைத்தார்கள்.

அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிர்வாகம் 1980 மே மாதத்தில் கொண்டுவந்த விதி இந்தப் பூட்டை உடைத்தது. நச்சுப் பொருளுக்கு ஆட்பட்ட தொழிலாளி தன் மருத்துவப் பதிவைக் கேட்டால், சாதாரணமாக 15 வேலை நாளுக்குள் தர வேண்டும். மருத்துவப் பதிவை அவர் வேலையில் இருக்கும் காலம் முழுதும், அதற்கு மேல் 30 ஆண்டும் காக்க வேண்டும். கம்பெனியை வேறொருவர் வாங்கினால் கோப்புகளும் அவரிடம் போக வேண்டும். வாங்க ஆளின்றி மூடுவதானால், தங்கள் கோப்பைப் பெறும் உரிமை பற்றித் தொழிலாளருக்கு மூன்று மாதம் முன்னரே அறிவிக்க வேண்டும். 30 ஆண்டு என்பது மிகையாகத் தோன்றலாம். ஆஸ்பெஸ்டாஸ் தூளைச் சுவாசித்தவருக்கு நோய் தலைகாட்டவே இருபது, முப்பது ஆண்டு ஆகும் என்பதை நினைத்தால் கணக்கு புரியும்.

இந்திய உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரியில் வந்த தீர்ப்பு, ஆஸ்பெஸ்டாஸ் தொழிலில் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையைவிட்டு நின்ற பிறகு 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்கும்படி ஆணையிட்டது. உடல்நலமும் மருத்துவ உதவியும் தொழிலாளியின் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும் அது அறிவித்தது. ஒப்புநோக்க, இ.எஸ்.ஐ. விதிப்படி விபத்துப் புத்தகத்தைக் கடைசிப் பதிவிலிருந்து ஐந்து ஆண்டு வைத்திருந்தால் போதும். விரல் நசுங்கியதற்கு ஐந்து ஆண்டு சரி, நுரையீரலுக்குப் போதாது.

எந்தத் தாள் எங்கே

பிரித்து வைக்கும் முறைக்கு இன்று முன்மாதிரியாகக் காட்டப்படுவது அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம். வேலை தரும்போதும் பின்னரும் பெறும் மருத்துவத் தகவலைத் தனிப் படிவத்தில் வாங்கி, தனிக் கோப்பில் வைத்து, இரகசிய மருத்துவ ஆவணமாக நடத்த வேண்டும் என்று அது சொல்கிறது. விதிவிலக்கு மூவருக்கே. கண்காணிப்பாளருக்கு வேலையில் செய்ய வேண்டிய மாற்றம் என்ன என்பது மட்டும் தெரியலாம். முதலுதவிக்காரருக்கு, அவசரச் சிகிச்சை தேவைப்படக்கூடிய நிலை இருந்தால் சொல்லலாம். சட்ட மீறலை விசாரிக்கும் அரசு அதிகாரிக்குக் கேட்டதைக் காட்ட வேண்டும். வலிப்பு நோயுள்ள ஒருவர் ஏணியில் ஏறக் கூடாது என்பது ஃபோர்மனுக்குப் போகும். வலிப்பு என்ற சொல் போகாது.

இதே கருத்தைச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1985இலேயே சொல்லியிருந்தது. தொழில்சார் உடல்நலச் சேவை பற்றிய அதன் 171ஆம் பரிந்துரை, மருத்துவர் தம் முடிவை முதலாளிக்கு எழுதும்போது அதில் மருத்துவத் தகவல் எதுவும் இருக்கக் கூடாது என்கிறது. ‘இந்த வேலைக்குத் தகுதி’, ‘தகுதியில்லை’, ‘இன்ன கட்டுப்பாட்டோடு தகுதி’ என்பதோடு நிற்க வேண்டும். உடன் வந்த 161ஆம் ஒப்பந்தம், தொழிலாளி ஏன் வரவில்லை என்று துப்பறியும் வேலையைக் கம்பெனி டாக்டரிடம் கொடுக்கக் கூடாது என்கிறது. சம்பளம் யார் கொடுத்தாலும் அவர் தொழிலாளியின் மருத்துவரே. இந்தியா இந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை.

நல்ல அலுவலகம் தாள்களை நான்கு கட்டாகப் பிரிக்கிறது. விண்ணப்பம், நியமன ஆணை, சம்பள உயர்வு, மெமோ போன்றவை பர்சனல் ஃபைல். இதைத் துறைத் தலைவர் பார்க்கலாம். நோய், பரிசோதனை, சிகிச்சை தொடர்பானவை மருத்துவக் கோப்பு. ஆலை மருத்துவரோ அதற்கென நியமித்த ஒருவரோ மட்டும் திறக்கலாம். பணியிடத்தின் தூசு, இரைச்சல், வேதிப்பொருள் அளவுகள் தனிப் பதிவேடு; இது ஒருவரின் அந்தரங்கம் ஆகாது, எல்லாத் தொழிலாளரும் பார்க்க வேண்டியது. இந்த மூன்றாவதை மருத்துவக் கோப்போடு சேர்த்துப் பூட்டிவிட்டு, இரகசியம் என்று கைவிரிப்பது பழைய தந்திரம். நான்காவது நலப்பயன் கட்டு.

பிரிப்பதோடு வேலை முடிவதில்லை. கோப்பின்மேல் பெயருக்குப் பதில் பணியாளர் எண் இருக்க வேண்டும். திறந்தவர் பெயர், தேதி, காரணம் மூன்றும் ஒரு நோட்டில் ஏற வேண்டும். அமெரிக்காவின் விபத்துப் பதிவேட்டில் இன்னொரு நல்ல பழக்கம் உண்டு. எச்.ஐ.வி., காசநோய், மனநோய், பாலியல் தாக்குதல், பிறர் ரத்தம் பட்ட ஊசி குத்திய காயம் முதலியவை நேர்ந்தால் பெயர் எழுதும் இடத்தில் ‘அந்தரங்க வழக்கு’ என்று மட்டும் எழுதுவார்கள். பெயர்ப் பட்டியல் வேறிடத்தில் இருக்கும். பதிவேட்டைத் தொழிற்சங்கப் பிரதிநிதி புரட்டினாலும் யார் என்று தெரியாது, என்ன நடந்தது என்பது தெரியும்.

நலப்பயன் தாள்கள் படுத்தும் பாடு

மருத்துவக் கோப்பைப் பூட்டிய அலுவலகங்கள் பல, நலப்பயன் கட்டை மேசைமேல் விட்டுவிடுகின்றன. நோய் அதன் வழியாகவே கசிகிறது.

வருங்கால வைப்பு நிதியில் 68-ஜே என்றொரு பத்தி உண்டு. ஒரு மாதமோ அதற்கு மேலோ மருத்துவமனைவாசம், பெரிய அறுவை சிகிச்சை, காசநோய், தொழுநோய், பக்கவாதம், புற்றுநோய், மனநோய், இதய நோய் ஆகியவற்றுக்குச் சொந்தச் சேமிப்பிலிருந்து முன்பணம் எடுக்க அது வழி செய்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் 2017 வரை அதற்கு மருத்துவச் சான்று இணைக்க வேண்டும், விண்ணப்பம் அலுவலகம் வழியாகப் போக வேண்டும். தொழுநோய்க்குப் பணம் எடுக்க விரும்பியவர் அதை முதலில் தன் கம்பெனி கிளார்க்கிடம் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் சான்றுகளை நீக்கிச் சுய உறுதிமொழி போதும் என்றாக்கினார்கள். சேமிப்பு யாருடையது என்பதை ஒப்புக்கொள்ளப் பல பத்தாண்டு ஆனது.

வாரிசு நியமனப் படிவமும் அப்பாவித் தாளன்று. குடும்பம் இல்லாதபோது யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். திருமணமாகிக் குடும்பம் வந்தால் பழைய நியமனம் செல்லாது. வீட்டுக்குத் தெரியாத திருமணம், பிரிந்த மனைவி, மறுமணம் எல்லாம் இந்த ஒற்றைத் தாளில் எழுதப்பட்டுக் கிடக்கும். ஊழியர் இறந்த பின் பணத்துக்கு இருவர் வந்து நிற்கும்போதுதான் பல அலுவலகங்கள் இதைத் தேடி எடுக்கின்றன.

காப்பீட்டுக் கணக்கிலிருந்து இரகசியம் வெளியான வழக்குகளில் பேர்போனது பிலடெல்பியாவில் நடந்தது. அந்நகரின் போக்குவரத்து நிறுவனம் ஊழியரின் மருந்துச் செலவைத் தானே ஏற்றது. செலவைச் சரிபார்க்க மருந்துக் கடையிலிருந்து வந்த பட்டியலில் ஊழியர் பெயரும் மருந்தின் பெயரும் சேர்ந்தே இருந்தன. மருந்தின் பெயரைக் கொண்டே ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று உயரதிகாரி ஊகித்துவிட்டார். நடுவர் குழு ஊழியருக்கு 1,25,000 டாலர் கொடுக்கச் சொன்னது. 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது: மருந்துப் பதிவில் அவருக்கு அந்தரங்க உரிமை உண்டு, ஆனாலும் செலவைச் சரிபார்க்கும் தேவை அதைவிடப் பெரிது என்றது. பெயர்களை நீக்கிவிட்டுப் பட்டியல் கேட்டிருந்தால் வழக்கே இல்லை.

சென்னை, திருப்பூர் நிலவரம் இதிலிருந்து அதிகம் விலகியதில்லை. சிறு பனியன் கம்பெனியில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலையை வெளியே உள்ள கன்சல்டன்ட் பார்க்கிறார். லாகினும் பாஸ்வேர்டும் அவர் கையில். பெரிய மென்பொருள் கம்பெனியில் குழுக் காப்பீட்டுக்கான டிஸ்சார்ஜ் சம்மரி மின்னஞ்சலில் எச்.ஆர். துறைக்குப் போய், அங்கிருந்து காப்பீட்டு நிர்வாகிக்குப் போகிறது. சென்னையில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் பில்லிங், கோடிங் செய்யும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அந்நாட்டின் 1996ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஹிப்பாவில் பயிற்சி பெறாமல் கணினியைத் தொட முடியாது. யாரோ ஒரு டெக்சாஸ் நோயாளியின் சர்க்கரை அளவைக் காக்கக் கற்றவர்கள், தங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை யார் யார் படித்தார்கள் என்று கேட்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், முதலாளி என்ற நிலையில் ஒரு நிறுவனம் வைத்திருக்கும் பணியாளர் ஆவணங்களுக்கு ஹிப்பா அமெரிக்காவிலேயே பொருந்தாது.

நீதிமன்றங்களில்

எல்.ஐ.சி.யில் 1989 வாக்கில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் தகுதிகாண் பருவத்தில் மகப்பேற்று விடுப்பு எடுத்தார். சேரும்போது நிரப்பிய படிவத்தில் பொய் சொன்னதாக அவரை நீக்கினார்கள். அந்தப் படிவம் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கருவுற்றார், கருச்சிதைவு உண்டா என்றெல்லாம் கேட்டது. உச்ச நீதிமன்றம் 1991இல் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னதோடு, அந்தக் கேள்விகளையும் படிவத்திலிருந்து நீக்கும்படி சொன்னது. இரகசியமாகக் காப்பது எப்படி என்பதற்கு முன், எதைக் கேட்கவே கூடாது என்று பேசிய தீர்ப்பு இது. இத்துறையில் இந்தியா தந்த சிறந்த தீர்ப்பும் இதுவே.

பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தவர், எச்.ஐ.வி. சோதனையில் தொற்று தெரிந்ததும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். வேலை செய்யும் தகுதி இருக்கும்போது, பிறருக்கு ஆபத்தும் இல்லாதபோது, தொற்றை மட்டும் காரணம் காட்டி வேலை மறுக்க முடியாது என்று 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் பெயர் நீதிமன்ற ஆவணத்திலும் வெளிவராதபடி எழுத்துகளால் மட்டும் குறிக்கப்பட்டது. எச்.ஐ.வி. தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. இத்தகைய தகவலை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அதைக் காக்கும் ஏற்பாடு செய்வது அதன்படி கட்டாயம்.

கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூட ஊழியர்கள் தொடுத்த வழக்கு வேறு மாதிரி. வேலையில் சேரும்போது கொடுத்த ரத்தத்திலும் சிறுநீரிலும் தங்களுக்குத் தெரியாமல் சிஃபிலிஸ், கர்ப்பம், அரிவாள் செல் மரபணு ஆகியவற்றுக்குச் சோதனை நடந்ததாகவும், 1995இல்தான் இது தெரியவந்ததாகவும் அவர்கள் கூறினார்கள். அந்தரங்கத்தை மீறுவதற்கு இதைவிட அடிப்படையான எடுத்துக்காட்டு அரிது என்ற பொருளில் 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எழுதி, வழக்கைத் தொடர அனுமதித்தது.

இன்றைய நிலை

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகள் மருத்துவப் பதிவை நுண்ணுணர்வுத் தகவல் என்று தனியே பெயரிட்டன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தை 2025 நவம்பர் 21 முதல் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலத் தொகுப்புச் சட்டம் எடுத்துக்கொண்டது. அரசு குறிப்பிடும் வயதினருக்கும் வகையினருக்கும் ஆண்டுதோறும் முதலாளி செலவில் பரிசோதனை என்று அது சொல்வதால், கோப்புகள் இனி பெருகும்.

தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது; விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின; முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். வேலை தொடர்பான தேவைக்கும், ஊழியர் கேட்கும் நலப்பயனுக்கும் அவருடைய தரவைத் தனி ஒப்புதல் இல்லாமலே முதலாளி பயன்படுத்தலாம் என்று அதன் 7ஆம் பிரிவு கூறுகிறது. 2011 விதிகள் மருத்துவப் பதிவுக்குத் தந்த தனிப் பெயர் இந்தச் சட்டத்தில் இல்லை.